உறுப்பினர் உடைமைக் காப்பீட்டுச் சங்கம்

உறுப்பினர் உடைமைக் காப்பீட்டுச் சங்கம் என்பது காப்பீடு பெறுவோரே உரிமையாளராகவும் அமையும் ஒரு நிறுவனம் ஆகும். இதில் பங்குதாரர் எனத் தனியே எவரும் இலர். உறுப்பினர் செலுத்தும் பிரீமியமே இதன் முதல். மிச்சம் ஏற்பட்டால் அது உறுப்பினருக்கே உரியது. பற்றாக்குறை ஏற்பட்டால் அதையும் அவர்களே ஏற்க வேண்டும். பரஸ்பரக் காப்பீட்டுச் சங்கம், பரஸ்பர உதவிச் சங்கம் என்ற பெயர்களாலும் இது குறிக்கப்படுகிறது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் காப்பீடு என வழங்குவதை இலங்கைத் தமிழர் காப்புறுதி என்பர்.

இவ்வகைச் சங்கங்களில் ஒரு பிரிவு சகோதரத்துவச் சங்கங்கள் ஆகும். ஒரே தொழில், ஒரே சமயம், ஒரே ஊர் அல்லது ஒரே மொழியால் பிணைக்கப்பட்டவர்கள் கிளைச்சபைகளாகக் கூடி, தம்முள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் வழியாக இவற்றை நடத்துகின்றனர். ஐக்கிய அமெரிக்காவின் சட்டங்களில் பங்கு மூலதனம் இன்மை, கிளைச்சபை முறை, பிரதிநிதித்துவ ஆட்சி ஆகிய மூன்றும் இவற்றின் அடையாளங்களாகக் கூறப்படுகின்றன. 1882 இல் கனெடிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் மைக்கேல் மக்கிவ்னி என்ற கத்தோலிக்கக் குரு தொடங்கிய கொலம்பசு வீரர்கள் சங்கம் இன்றும் இயங்கும் பெரிய சகோதரத்துவச் சங்கங்களுள் ஒன்று.

ஊர் வழக்கில் இதன் வேர்

புதுச்சேரி நகருக்குத் தெற்கே உள்ள அரியாங்குப்பம் பகுதியில் வீராம்பட்டினம் முதலான மீனவ ஊர்கள் உள்ளன. சோழமண்டலக் கடற்கரை மீனவ ஊர்களில் தலைக்கட்டு வரி என்ற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு எனக் கணக்கிடப்படுவார். கோயில் திருவிழாவுக்கும் ஊர்ப் பொதுச் செலவுக்கும் ஒவ்வொரு தலைக்கட்டும் சமமாகப் பணம் தரும். வரி கொடுப்பவர் ஊர்க்கூட்டத்தில் பேச உரிமை உடையவர்.

உறுப்பினர் உடைமைச் சங்கத்தின் மூலக் கருத்து இந்த வரியில் ஏறத்தாழ முழுமையாகவே அடங்கியுள்ளது: சமமான பங்கு, சமமான குரல், பொதுவான பை. திருமண வீட்டில் வைக்கும் மொய்ப்பணமும் இதற்கு உறவு முறையே. ஆனால் மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன், காப்பீடு அவ்வாறு அன்று. காப்பீட்டில் வாழ்நாள் முழுவதும் பணம் கட்டியும் ஒருவர் எதையும் பெறாமல் போகலாம். அவ்வாறு போவதே அவருக்கு நல்லது.

ஒரு மரணம் நேர்ந்ததும் தலைக்கு இவ்வளவு எனத் திரட்டிக் குடும்பத்திடம் கொடுப்பது எளிய முறை. இதற்கு அலுவலகம் வேண்டா, கணக்கர் வேண்டா, நிதியும் வேண்டா. உலகின் பல சங்கங்கள் இம்முறையிலேயே தொடங்கின. அவற்றுள் பெரும்பாலானவை இம்முறையாலேயே அழிந்தன.

சமப்பங்கு முறையின் கணக்கு

இக்குறையைப் புரிந்துகொள்ள ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்திற்காக மட்டுமே. அரியாங்குப்பத்தில் 1,000 பேர் கொண்ட ஒரு சங்கம் இருப்பதாகவும், எவர் இறந்தாலும் குடும்பத்திற்கு 1,00,000 ரூபாய் தருவதாகவும் கொள்வோம். ஒரு மரணத்திற்கு ஒவ்வொருவரும் 100 ரூபாய் தர வேண்டும். எல்லோரும் 30 வயதினர், ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவர் இறப்பர் எனில் ஒருவரின் ஆண்டுச் செலவு 200 ரூபாய். இது எவருக்கும் சுமை அன்று. எனவே முதல் சில ஆண்டுகளில் சங்கத்தைப் பற்றி ஊரெங்கும் நல்ல பெயரே இருக்கும்.

ஆண்டுகள் செல்கின்றன. அதே உறுப்பினர் 60 வயதை எட்டும்போது ஆயிரத்தில் பன்னிருவர் இறப்பர் எனில் ஒருவரின் செலவு 1,200 ரூபாய் ஆகிவிடும். அதாவது உழைத்துச் சம்பாதிக்கும் வயதில் குறைவாகவும், உழைப்பு ஓயும் வயதில் ஆறு மடங்காகவும் கட்ட வேண்டியிருக்கும்.

இளைஞரைப் புதிதாகச் சேர்த்தால் சரியாகிவிடும் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுமொழி. அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 500 பேர் 30 வயதினர், 500 பேர் 60 வயதினர் எனில் ஆண்டுக்கு முறையே ஒன்றும் ஆறுமாக ஏழு மரணங்கள். ஒவ்வொருவர் பங்கும் 700 ரூபாய். இளைஞரின் சொந்த இடருக்கு 200 ரூபாய் போதும். அவர் 500 ரூபாயை முதியவருக்காகத் தருகிறார். வெளியே வேறொரு நிறுவனம் 250 ரூபாய்க்கு அதே காப்பீட்டைத் தந்தால் அவர் போய்விடுவார். போகப்போகச் சராசரி வயது ஏறும், பங்கு ஏறும், மேலும் பலர் போவர். இறுதியில் எஞ்சுவோர் வேறு எங்கும் சேர முடியாத முதியவரும் நோயாளரும் மட்டுமே. அவர்கள்தாம் மிக நீண்ட காலம் கட்டியவர்கள் என்பது இதில் உள்ள கொடுமை.

இதற்குத் தீர்வு, சேரும் வயதிற்கேற்ப, ஆயுள் முழுவதும் மாறாத ஒரே அளவு பிரீமியம் வாங்குவது ஆகும். 30 வயதில் சேர்பவர் தொடக்க ஆண்டுகளில் தன் இடருக்குத் தேவையானதைவிட அதிகமாகக் கட்டுவார். அந்த மிகுதி ஒதுக்கு நிதியில் சேர்ந்து வட்டியோடு வளர்ந்து, முதுமையில் ஏற்படும் குறையை ஈடுசெய்யும். பேரேட்டில் அப்பணம் மிச்சம் போலவே தோற்றமளிக்கும். உண்மையில் அது உறுப்பினரின் வருங்கால மரணங்களுக்கு ஏற்கெனவே கடன்பட்ட பணம். தொடக்க கால நிருவாகிகள் பலர் இதை உணராமல் கட்டடம் கட்டியும் பங்கு பிரித்தும் செலவிட்டுவிட்டனர்.

வரலாறு

வயதிற்கேற்ற பிரீமியம் என்ற கருத்து புதிதன்று. சேம்சு டாட்சன் என்ற ஆங்கிலேயக் கணிதவியலர் 1750களில் இதற்கான கணக்கை வகுத்தார். அவர் மறைவுக்குப் பின் 1762 இல் இலண்டனில் நிறுவப்பட்ட ஈக்விட்டபிள் சங்கம் அதை நடைமுறைப்படுத்தியது. அதுவும் உறுப்பினர் உடைமைச் சங்கமே. ஆனால் தொழிலாளர் நடுவே பரவிய நட்புறவுச் சங்கங்கள் இக்கணக்கைப் பின்பற்றவில்லை. பிரித்தானியாவில் இவற்றிற்கு முதல் சட்டம் 1793 இல் வந்தது. பிரான்சில் 1898 ஏப்ரல் 1 ஆம் நாள் சட்டம் பரஸ்பர உதவிச் சங்கங்களுக்கு விரிந்த உரிமை அளித்தது. இன்றும் அந்நாட்டில் இச்சங்கங்கள் மருத்துவக் காப்பீட்டில் பெரும் இடம் வகிக்கின்றன.

சமப்பங்கு முறையின் எழுச்சியும் வீழ்ச்சியும் தெளிவாகக் காணக்கூடிய இடம் ஐக்கிய அமெரிக்கா. 1868 அக்டோபர் 27 இல் பென்சில்வேனியாவின் மீட்வில் நகரில், இரயில்வே பட்டறைத் தொழிலாளரான சான் சோர்டான் அப்சர்ச் தொழிலாளரின் தொன்மைச் சங்கத்தைத் தொடங்கினார். சேரும்போது ஒரு டாலர், பின்னர் ஒவ்வொரு மரணத்திற்கும் ஒரு டாலர் என்பது அதன் ஏற்பாடு. வயது வேறுபாடு பார்க்கப்படவில்லை. இதைப் பார்த்து நூற்றுக்கணக்கான சங்கங்கள் தோன்றின. முப்பது ஆண்டுகளில் மேலே கூறிய கணக்கு தன் வேலையைச் செய்தது.

சங்கங்களின் கூட்டமைப்பான தேசிய சகோதரத்துவப் பேராயம் 1890களின் இறுதியில் தனக்கென ஓர் இறப்பு அட்டவணையை உருவாக்கியது. போதிய ஒதுக்கு நிதியை நோக்கிச் சங்கங்களை நகர்த்தும் மாதிரிச் சட்டங்கள் 1910 இலும் 1912 இலும் வரையப்பட்டு மாநிலங்களால் ஏற்கப்பட்டன. அதாவது, நவீனமயமாக்கல் என்று இன்று நாம் சொல்வதைச் சங்கங்கள் கணினிக்கு அரை நூற்றாண்டு முன்பே எதிர்கொண்டன. அதன் உள்ளடக்கம் விலை உயர்வாக இருந்தது.

அந்த உயர்வை உறுப்பினர் எளிதில் ஏற்கவில்லை. 1877 இல் பாசுடன் நகரில் தோன்றிய இராயல் ஆர்க்கானம் சங்கம் 1905 இல் வயதிற்கேற்பக் கட்டணத்தைக் கூட்டியது. பல ஆண்டுகள் பழைய கட்டணத்தைக் கட்டிய உறுப்பினர் ஒருவர், தாம் சேர்ந்தபோது சொன்ன தொகையை மாற்றக்கூடாது என வழக்குத் தொடுத்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 1915 இல் நீதிமன்றம் சங்கத்தின் பக்கமே தீர்ப்பளித்தது: உறுப்பினர் வெளியாள் அல்லர், அவரும் சங்கத்தின் ஒரு பகுதி; சங்கம் அமைந்த மாநிலத்தின் சட்டமும் சங்க விதிகளும் எல்லா உறுப்பினரையும் ஒன்றுபோலவே கட்டுப்படுத்தும். சட்டப்படி இது சரியே. ஆனால் முதிய வயதில் திடீரெனப் பல மடங்கு கட்டச் சொன்னால் ஒரு கூலித் தொழிலாளர் என்ன செய்வார் என்ற கேள்விக்குத் தீர்ப்பில் விடை இல்லை. பலர் கட்ட இயலாமல் விலகினர். தொடக்கத்தில் சரியாகக் கணக்கிட்டிருந்தால் இப்படி நேர்ந்திராது.

இந்தியாவில்

இந்திய மண்ணில் முதல் ஆயுள் காப்பீட்டு நிறுவனமான ஓரியண்டல் 1818 இல் கல்கத்தாவில் ஐரோப்பியரால் தொடங்கப்பட்டது. அக்கால நிறுவனங்கள் இந்தியரை ஏற்கத் தயங்கின. ஏற்றபோது கூடுதல் பிரீமியம் வாங்கின. இந்தியரின் உயிருக்கும் வழக்கமான பிரீமியமே என அறிவித்த முதல் இந்திய நிறுவனம் 1870 இல் தோன்றிய பம்பாய் பரஸ்பர ஆயுள் காப்பீட்டுச் சங்கம் ஆகும். அது பங்கு நிறுவனமாக அல்லாமல் உறுப்பினர் உடைமைச் சங்கமாக அமைந்தது குறிப்பிடத்தக்கது.

சிறுதொகைக் காப்பீடு வழங்கிய சேமநலச் சங்கங்களும் நாடெங்கும் பெருகின. 1912 இல் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ஒன்றும் சேமநலக் காப்பீட்டுச் சங்கங்களுக்கு ஒன்றுமாக இரு சட்டங்கள் இயற்றப்பட்டன. பிரீமிய அட்டவணையும் காலமுறை மதிப்பீடும் காப்பீட்டுக் கணிப்பாளரால் சான்றளிக்கப்பட வேண்டும் என்ற விதி அப்போதுதான் வந்தது.

1938 ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு இக்கட்டுரையின் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. கிடைக்கும் தொகையோ கட்ட வேண்டிய பிரீமியமோ குறிப்பிட்ட காலத்தில் எத்தனைப் பாலிசிகள் கோரிக்கையாகின்றன என்பதைப் பொறுத்து மாறுமானால், அவ்வகைத் தொழிலைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என அது தடுத்தது. மரணத்திற்கு மரணம் தலைக்கு இவ்வளவு எனத் திரட்டும் முறையை ஒரு காப்பீட்டு நிறுவனம் நடத்துவதற்கு இது முற்றுப்புள்ளி வைத்தது.

1956 இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆனது. 154 இந்திய நிறுவனங்கள், 16 வெளிநாட்டு நிறுவனங்கள், 75 சேமநலச் சங்கங்கள் என மொத்தம் 245 அமைப்புகள் இணைக்கப்பட்டு, செப்டம்பர் 1 இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவாயிற்று. பம்பாய் பரஸ்பரச் சங்கமும் அதில் கலந்தது. உறுப்பினர் வாக்களித்து இயக்குநரைத் தேர்ந்தெடுத்த மரபு அத்துடன் ஆயுள் காப்பீட்டில் மறைந்தது.

களஞ்சியங்கள்

அம்மரபு வேறு வடிவில் மீண்டும் தலைகாட்டிய இடங்களுள் தமிழ்நாடு ஒன்று. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1997 இல் தொடங்கப்பட்ட தானம் அறக்கட்டளை, 1990 முதல் நடந்துவந்த களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுத் திட்டத்தை விரிவாக்கியது. சுமார் 15 முதல் 20 பெண்கள் கொண்டது ஒரு களஞ்சியம். பல களஞ்சியங்கள் சேர்ந்து தொகுப்பு, தொகுப்புகள் சேர்ந்து வட்டாரக் களஞ்சியம் என மூன்று அடுக்குகள் அமைந்தன. மேலடுக்குகளின் பொறுப்பாளர்கள் கீழடுக்குகளிலிருந்தே வந்தனர். பெயர் வேறாயினும் கிளைச்சபையும் பிரதிநிதித்துவ ஆட்சியும் இங்கு இருப்பதைக் காணலாம்.

குழுக்கள் முதலில் தந்தது கடன். வாங்கிய பெண்ணோ கணவரோ இறந்துவிட்டால் கடனை யார் அடைப்பது என்ற கேள்வியிலிருந்து காப்பீடு தோன்றியது. தேனி மாவட்டம் கடமலைக்குண்டு பகுதியிலுள்ள வட்டாரச் சங்கம் 2000 ஆம் ஆண்டில் தன் உறுப்பினருக்கென மருத்துவக் காப்பீட்டையும் தொடங்கியது. இத்தகைய முயற்சிகளுக்குத் தொழில்நுட்ப உதவி அளிக்க 2003 இல் பீப்பிள் மியூச்சுவல்சு என்ற தனி அமைப்பைத் தானம் ஏற்படுத்தியது.

இவை இருவழிகளைக் கலந்து பயன்படுத்தின. எளிதில் கணிக்கக்கூடிய சிறு இடர்களைத் தம்முள் பகிர்ந்துகொண்டன. பெரிய இடர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்களின் குழுப் பாலிசியை நாடின. அத்தகையவற்றுள் ஆயுள் காப்பீட்டுக் கழகம் 2000 ஆகத்து 10 இல் தொடங்கிய சனசிறீ பீமா திட்டம் முதன்மையானது. அதன் ஆண்டுப் பிரீமியம் 200 ரூபாய்; பாதியை அரசின் சமூகப் பாதுகாப்பு நிதி ஏற்றது. இயற்கை மரணத்திற்கு 30,000 ரூபாயும் (தொடக்கத்தில் 20,000), விபத்து மரணத்திற்கு 75,000 ரூபாயும் வழங்கப்பட்டன. 2013 இல் அது வேறொரு திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

அண்டை மாநிலமான கருநாடகத்தில் 2003 இல் தொடங்கிய யசசுவினி திட்டம் கூட்டுறவுச் சங்க உறுப்பினரான உழவருக்கானது. மாநில அரசின் துணையும் அதற்கு உண்டு. ஆண்டுக்கு 60 ரூபாய் பிரீமியத்தில் அறுவைச் சிகிச்சைகளுக்குக் காப்பீடு தந்த அது, இரண்டாம் ஆண்டில் 20 இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சேர்த்தது. 60 ரூபாய் போதாது என 2005 இல் 120 ஆக்கியபோது உறுப்பினர் தொகை சுமார் 14.5 இலட்சமாகச் சரிந்தது. பின்னர் மீண்டும் உயர்ந்தது என்றாலும், இராயல் ஆர்க்கானம் கண்டதையே ஒரு நூற்றாண்டு கழித்து யசசுவினியும் கண்டது. 2018 இல் மாநிலப் பொதுத் திட்டத்துடன் இணைக்கப்பட்ட அது, 2022 இல் மீண்டும் தனியாக அறிவிக்கப்பட்டது.

அன்றாட நடைமுறை

உறுப்பினரைச் சேர்ப்பதில் முதல் இடர்ப்பாடு வயது. வயதைக் கொண்டே விலை அமைவதால் அதற்குச் சான்று வேண்டும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதிய தலைமுறையில் பள்ளிச் சான்றும் குடும்ப அட்டையும் வெவ்வேறு வயதைக் காட்டுவது உண்டு. சேரும்போது எவரும் இதைப் பெரிதாகக் கருதுவதில்லை. இறந்த பின்னரே முரண்பாடு வெளிப்படும். அப்போது விளக்கம் தர வேண்டியவர் உயிருடன் இரார். ஆகவே சேரும் நாளிலேயே ஒரே ஆவணத்தை ஏற்றுப் பதிவேட்டில் பதிந்து, நியமனதாரர் பெயரையும் அதனுடன் சேர்த்து எழுதிவிடுவது நல்ல சங்கத்தின் இலக்கணம்.

நோய் வந்த பின் சேர விழைவோரைத் தவிர்க்க, ஆண்டில் குறிப்பிட்ட சில வாரங்களில் மட்டும் சேர்க்கை நடத்துவதும், தனியாளாக அல்லாமல் குழு முழுவதையும் சேர்ப்பதும் வழக்கம். மருத்துவப் பரிசோதனைக்கு ஆகும் செலவு பிரீமியத்தையே விஞ்சிவிடும் என்பதால் சிறிய சங்கங்களுக்கு வேறு வழி இல்லை.

கோரிக்கையைச் சரிபார்ப்பதில்தான் உறுப்பினர் உடைமைச் சங்கத்தின் வலிமை தெரியும். இறந்தவரை அறிந்தவர்களே சங்கத்தை நடத்துவதால் பொய்க் கோரிக்கை எளிதில் நுழையாது. ஆனால் அதே நெருக்கம் தீங்காகவும் மாறும். பக்கத்து வீட்டுக்காரரின் கோரிக்கையை மறுப்பது எவருக்கும் எளிதன்று. எனவே பரிந்துரைப்பவர் ஒருவராகவும், தீர்மானிப்பவர் வேறு ஊரைச் சேர்ந்த குழுவாகவும் இருக்கும்படி பல சங்கங்கள் அமைத்துக்கொள்கின்றன.

கடற்கரை ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கடலுக்குச் சென்றவர் திரும்பாமலும் உடல் கிடைக்காமலும் போனால் இறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைக்காது. ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி எச்செய்தியும் இல்லையெனில் இறந்தவராகக் கருதலாம் என்பது 1872 ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108 ஆம் பிரிவு. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னும் 2017 ஒக்கிப் புயலுக்குப் பின்னும் இக்காலத்தைத் தளர்த்த அரசுகள் சிறப்பாணைகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது. பேரிடராக அறிவிக்கப்படாத நாளில் தனிப்படகு ஒன்று காணாமற் போனால் அத்தகைய ஆணை எதிர்பார்ப்பதற்கில்லை. யார் எந்தப் படகில் சென்றார் என்பது ஊருக்குத் தெரியும். அதை ஏற்கும் விதி சங்கத்தின் துணைவிதிகளில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் குடும்பம் ஏழு ஆண்டுகள் காத்திருக்க நேராது.

எனினும் கடற்கரைச் சங்கம் தனித்து இயங்குவது இடரானது. ஒரே படகில் ஏழு பேர் இறந்தால், மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஓராண்டுக்கான மரணங்கள் ஒரே நாளில் நிகழ்ந்துவிடும். ஒரே அலையால் எல்லோரும் பாதிக்கப்படக்கூடிய ஊர் தன் இடரை உள்நாட்டு ஊர்களுடன் பகிர்ந்தாக வேண்டும். அல்லது மறுகாப்பீடு செய்தாக வேண்டும். 2020 இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்சய சம்பதா திட்டத்தின் கீழ் மீனவருக்கு விபத்து மரணத்திற்கு 5 இலட்சம் ரூபாய் வழங்கும் குழு விபத்துக் காப்பீடு இப்பெரும் இடரைச் சுமக்கிறது. அது விபத்துக்கு மட்டுமே உரியது; கரையில் நோயால் இறப்பவரின் குடும்பத்திற்கு அதில் இடமில்லை.

நவீனமயமாக்கல்

சங்கத்தை நவீனப்படுத்துவது என்றதும் கணினி, கைப்பேசிச் செயலி ஆகியவையே நினைவுக்கு வரும். இவை தேவையானவையே. கையெழுத்துப் பேரேட்டில் ஓர் உறுப்பினரின் பிரீமியம் வந்ததா என அறிய நாளாகும். கோரிக்கை நேரத்தில் அந்த ஐயமே பெரும் தகராறு. வயது, சேர்ந்த நாள், மரணக் காரணம் ஆகியவை ஒழுங்காகப் பதியப்பட்டால், சில ஆண்டுகளில் சங்கம் தன் சொந்த இறப்பு விகிதத்தை அறியும். பிறர் அட்டவணையைக் கடன் வாங்க வேண்டியதில்லை. பயன்களுள் மிகப் பெரியது இதுவே எனலாம்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பிரீமியத்தை வங்கிக் கணக்கிலிருந்து தானே பிடித்துக்கொள்ளும்படி மாற்றினால் வசூல் செலவு குறையும்; மாதக் கூட்டத்திற்கு வருவோரும் குறைவர். கூட்டத்தில்தான் கணக்கு வாசிக்கப்படுகிறது, பொறுப்பாளரிடம் கேள்வி கேட்கப்படுகிறது. கணக்கில் இருப்புத் தொகை இல்லாமல் பாலிசி காலாவதியானதை உறுப்பினர் அறியாமலே போகலாம். முன்பு வீடு தேடி வந்து நினைவூட்டிய பெண் இப்போது வருவதில்லை. வசூலை இயந்திரத்திடம் விட்டாலும் கூட்டத்தையும் நினைவூட்டலையும் மனிதரிடம் வைத்திருப்பதே அறிவுடைமை.

வாக்குரிமை இருப்பதாலேயே சங்கம் பாதுகாப்பாக இருக்கும் என்பதும் இல்லை. மேலே கூறிய ஈக்விட்டபிள் சங்கமே இதற்குச் சான்று. 1950களிலிருந்து 1988 வரை விற்ற ஓய்வூதியப் பாலிசிகள் பலவற்றில் ஓய்வூதிய வீதத்துக்கு அது உறுதி அளித்திருந்தது. வட்டி வீதம் வீழ்ந்தபோது அந்த உறுதி பெருஞ்செலவாயிற்று. அதற்குப் போதிய ஒதுக்கு நிதி இல்லை. உறுதி பெற்றவர்களின் மிச்சப்பங்கைக் குறைத்துச் சமாளிக்க நிருவாகம் முயன்றது. 2000 சூலையில் பிரபுக்கள் அவை அதைச் செல்லாதென்றது. அவ்வாண்டு திசம்பரில் சங்கம் புதிய உறுப்பினரைச் சேர்ப்பதை நிறுத்தியது. பங்குதாரர் இல்லாததால் இழப்பை ஏற்க வெளியே எவரும் இலர். ஓர் உறுப்பினருக்குத் தந்த உறுதியை மற்றோர் உறுப்பினரின் பணத்திலிருந்தே நிறைவேற்ற வேண்டியதாயிற்று. கண்காணிப்பில் நேர்ந்த குறைகளுக்காக 2010 இல் பிரித்தானிய அரசு 150 கோடி பவுண்டு இழப்பீடு அறிவித்தது. 238 ஆண்டுகள் பழமை வாய்ந்த, காப்பீட்டுக் கணிதத்திற்கே தாயகமான சங்கத்தில் இது நிகழ்ந்தது.

இந்தியச் சங்கங்களுக்கு வேறு வகையான மாற்றமும் நேர்ந்தது. 2015 மே 9 இல் தொடங்கிய பிரதம மந்திரி சீவன் சோதி பீமா திட்டம் 330 ரூபாய் ஆண்டுப் பிரீமியத்தில் 2 இலட்சம் ரூபாய் ஆயுள் காப்பீட்டை வங்கிக் கணக்கு உள்ள எவருக்கும் தந்தது (2022 சூன் முதல் 436 ரூபாய்). சேரும் வயது 18 முதல் 50 வரை, எல்லோருக்கும் ஒரே பிரீமியம். இந்த விலையில் ஓர் ஊர்ச் சங்கம் போட்டியிட இயலாது. மருத்துவத்திலும் தமிழ்நாட்டில் 2009 முதல் நடைமுறையிலுள்ள மாநிலக் காப்பீடும், 2018 முதல் ஆயுசுமான் பாரத் திட்டமும் பெரிய சிகிச்சைகளை ஏற்கின்றன. இவை பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கானவை. வெளிநோயாளிச் செலவு, மருத்துவமனையில் கிடந்த நாள்களின் கூலி இழப்பு, கால்நடை இறப்பு, மழை பொய்த்தல் ஆகியவை சங்கங்களின் களமாக எஞ்சியுள்ளன. அரசுத் திட்டத்தில் விண்ணப்பம் நிரப்பி, ஆவணம் திரட்டி, வங்கிக்கு உடன் சென்று கோரிக்கையைப் பெற்றுத் தருவதும் சங்கத்தின் பணியாக மாறியுள்ளது. இப்பணிக்குப் பிரீமியம் கிடைப்பதில்லை; ஆனால் இப்பணி இன்றேல் அத்திட்டம் பலருக்கு ஏட்டளவில் மட்டுமே இருக்கும்.

சட்ட நிலை

1999 ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியக் காப்பீட்டுத் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டபோது குறைந்தபட்ச மூலதனம் 100 கோடி ரூபாய் என விதிக்கப்பட்டது. 2002 இல் கூட்டுறவுச் சங்கங்களும் காப்பீட்டு நிறுவனம் நடத்தலாம் என அனுமதிக்கப்பட்டது. மூலதன வரம்பு அவற்றிற்கும் அதுவே. பங்கு மூலதனமே இல்லாத பரஸ்பரச் சங்கம் இந்த வாயிலில் நுழைய முடியாது. 2005 ஆம் ஆண்டு நுண்காப்பீட்டு விதிமுறைகள் சுய உதவிக் குழுக்களையும் தன்னார்வ அமைப்புகளையும் முகவராக ஏற்றன, உரிமையாளராக ஏற்கவில்லை. ஆகவே களஞ்சியங்கள் போன்றவை சட்டத்தின் கண்ணில் காப்பீட்டு நிறுவனங்கள் அல்ல. அவை தம்முள் நடத்தும் உதவித் திட்டங்கள் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் கண்காணிப்பிலும் இல்லை, பாதுகாப்பிலும் இல்லை.

மிராய் சட்டர்சி தலைமையில் அவ்வாணையம் 2020 இல் அமைத்த குழு, தனி நுண்காப்பீட்டு நிறுவனங்களுக்கான மூலதனத்தை 20 கோடி ரூபாயாகக் குறைக்கவும், கூட்டுறவு, பரஸ்பர அமைப்புகளுக்கு இடமளிக்கவும் பரிந்துரைத்தது. 2025 திசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் அந்நிய முதலீட்டு வரம்பை 74 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காடாக உயர்த்தியது. குறைந்தபட்ச மூலதனத்தைக் குறைக்கும் முன்மொழிவு அதில் இடம்பெறவில்லை.